கடிதம் நேயருடையது, சாவி யாருடையது?

ரேடியோவில் வாரத்துக்கு ஒரு முறை நேயர் கடிதம் வாசிப்பார்கள். செய்தி முடிந்து, சங்கீதமும் முடிந்த பிறகு, நிலையத்தார் கொஞ்சம் பணிவான குரலை வரவழைத்துக் கொண்டு, "இன்ன ஊரிலிருந்து இன்னார் எழுதுகிறார்" என்று ஆரம்பிப்பார்கள். எங்கள் ஊர்ப் பெயரைத் தப்பாக உச்சரித்தீர்கள் என்று ஒருவர் கண்டிப்பார். பழைய முகப்பு இசையை ஏன் மாற்றினீர்கள் என்று இன்னொருவர் கோபிப்பார். கடலில் இருக்கும் கப்பல் தொழிலாளி ஒருவர், உங்கள் குரல்தான் எனக்குத் துணை என்று இரண்டு வரி எழுதியிருப்பார். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லி, தபால் விலாசத்தை இரண்டு தடவை நிதானமாகப் படித்து விட்டு, விடை பெறுவார்கள்.

லண்டன் பி.பி.சி.யின் உலக சேவை இதற்கென்றே ஆங்கிலத்தில் 'ஓவர் டு யூ' என்று ஒரு நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறது. இனி உங்கள் முறை, நீங்கள் பேசுங்கள் என்பது அதன் பொருள். நேயர் குறை சொன்னால், நிகழ்ச்சியைத் தயாரித்தவரையே கூப்பிட்டு உட்கார வைத்துப் பதில் கேட்பார்கள். நல்ல காரியம்தான். இதை நாம் கேலி செய்யவில்லை. பேசுகிறவன் மட்டுமே பேசிக் கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், கேட்கிறவனுக்கும் ஒரு கால் மணி நேரம் ஒதுக்குகிறவனை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் தோழர்களே, மில்லில் வேலை செய்கிறவர்களுக்குப் புகார்ப் பெட்டி என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. கேட் பக்கத்தில் சுவரில் மாட்டியிருக்கும். கக்கூஸில் தண்ணீர் வரவில்லை என்று எழுதிப் போடலாம். கேண்டீன் சாம்பாரைப் பற்றி எழுதிப் போடலாம். சில சமயம் தண்ணீரும் வரும், சாம்பாரும் சற்றுக் கெட்டியாகும். ஆனால் கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டுவதற்கு முந்தின நாள் அந்தப் பெட்டியை யாராவது திறந்து பார்த்ததுண்டா?

உலக ரேடியோக்களின் நேயர் கடிதத்தைப் பற்றி நாம் கேட்பதும் இந்தக் கேள்விதான். நிகழ்ச்சி எப்படி இருக்கிறது என்று நேயரைக் கேட்கிறார்கள். நிகழ்ச்சி இருக்கலாமா, வேண்டாமா என்று யாரைக் கேட்கிறார்கள்?

கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம். பி.பி.சி.யின் வெளிநாட்டு ஒலிபரப்பு 1932 டிசம்பர் 19-ல் 'எம்பயர் சர்வீஸ்' என்ற பெயரில் தொடங்கியது. சாம்ராஜ்யச் சேவை! பெயரிலேயே யாருக்காக என்பது தெரிகிறது. தூர தேசங்களில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களைத்தான் முதலில் மனத்தில் வைத்திருந்தார்கள். அன்று பி.பி.சி.யின் தலைவராக இருந்த ஜான் ரீத், முதல் நிகழ்ச்சிகள் அவ்வளவு சுவாரசியமாகவும் இருக்காது, அவ்வளவு நன்றாகவும் இருக்காது என்று திறப்பு விழாப் பேச்சிலேயே சொல்லி வைத்தார். உலகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் நேரம் வேறு வேறு ஆதலால், அதே பேச்சை ஒரே நாளில் ஐந்து தடவை பேச வேண்டியிருந்தது அவருக்கு. ஐந்தாம் தடவைக்குள் அவருக்கே அலுத்துப் போயிருக்கும்.

1938 ஜனவரி 3-ல் அரபு மொழியில் ஒலிபரப்பு தொடங்கிற்று. ஆங்கிலம் அல்லாத முதல் மொழி அது. முசோலினியின் இத்தாலி அரபு மொழியில் பிரசாரம் செய்து கொண்டிருந்தது. அதற்கு எதிர்ப்பாட்டு பாட வேண்டிய அவசியம் பிரிட்டனுக்கு வந்தது. முதல் நாள் செய்தியிலேயே, பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ராணுவக் கோர்ட்டின் உத்தரவுப்படி ஓர் அரபு தூக்கிலிடப்பட்டான் என்ற சமாசாரமும் இருந்தது. சவூதி மன்னர் இப்னு சவூத் அன்றிரவு கேட்டுக் கொண்டிருந்தார். கேட்டு மனம் கலங்கினார் என்று ஜெட்டாவிலிருந்த பிரிட்டிஷ் தூதர் லண்டனுக்குத் தெரிவித்தார். உடனே வெளிநாட்டு இலாகாவில் ஒரே அமளி. இப்படிப்பட்ட செய்தியை ஏன் சொன்னீர்கள் என்று பி.பி.சி.யைப் பிடித்து உலுக்கினார்கள். உண்மையை விட்டு விட்டால் எங்களை யார் நம்புவார்கள் என்று பி.பி.சி. தன் பக்கத்தைச் சொல்லிற்று.

ஒரு நேயரின் அபிப்பிராயம் எவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்ந்தது பாருங்கள்! அவருக்குத் தபால் தலை தேவைப்படவில்லை. மன்னராக இருந்தால் போதும். தூக்குக் கயிற்றில் தொங்கியவனின் வீட்டார் ஏதாவது சொன்னார்களா, அவர்கள் வீட்டில் ரேடியோ இருந்ததா என்று லண்டனில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்தது யுத்த காலம். 1940 மே 11-ல் இந்துஸ்தானி ஒலிபரப்பும், 1941 மே 3-ல் தமிழ் ஒலிபரப்பும் ஆரம்பமாயின. இந்தியர்களை யுத்தத்துக்கு ஆதரவாகத் திருப்ப வேண்டும் என்பதே நோக்கம். அந்தக் கிழக்கு சேவையில், 1941 ஆகஸ்டிலிருந்து 1943 நவம்பர் வரை, ஜார்ஜ் ஆர்வெல் வேலை பார்த்தார். பீகாரில் மோதிஹாரியில் பிறந்த இங்கிலீஷ்காரர். இந்தியப் படிப்பாளிகளுக்கென்று ஆங்கிலத்தில் பேச்சுக்கள், இலக்கிய நிகழ்ச்சிகள் எல்லாம் தயாரித்தார். யார் கேட்கிறார்கள் என்று பார்த்து வர லாரன்ஸ் பிராண்டர் என்ற அதிகாரியை 1942-ல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர் சுற்றிப் பார்த்துச் சொன்ன செய்தி: கேட்பவர்கள் மிகச் சொற்பம்.

1942 இந்தியாவில் என்ன வருஷம் என்று நமக்குத் தெரியும். "வெள்ளையனே வெளியேறு" என்று தேசம் கொதித்துக் கொண்டிருந்தது; தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். அந்த நேரத்தில் லண்டனிலிருந்து இலக்கியப் பேச்சு! ஜனங்கள் கடிதம் எழுதவில்லை. பெட்டியைத் திருகவே இல்லை. அதுவும் ஒரு பதில்தான். ஆர்வெலுக்கு அது புரிந்தது. பிரயோஜனமில்லாத வேலையில் தன் நேரத்தையும் பொதுப் பணத்தையும் விரயம் செய்வதாக உணர்கிறேன் என்று எழுதிக் கொடுத்து விட்டு வெளியேறினார். இன்றைய நிலையில் இந்தியாவுக்குப் பிரிட்டிஷ் பிரசாரம் செய்வது கிட்டத்தட்ட வீண் வேலை என்றும் அந்தக் கடிதத்திலேயே சொன்னார். நேயரின் மௌனத்தைச் சரியாக வாசித்தவர் அவர்.

இப்படி ஆளுகிறவர்களின் தேவைக்காகப் பிறந்த குழந்தை இது. இதை மறைக்க வேண்டியதில்லை. அப்படியானால் இந்த ஏகாதிபத்திய ரேடியோ மூடினால் நமக்கென்ன, விட்டது சனி என்று இருக்கலாமே என்று சில தோழர்கள் கேட்பார்கள். நாமும் அப்படி நினைத்ததுண்டு. ஆனால் பெற்றவன் எண்ணியது ஒன்று, பிள்ளை வளர்ந்த விதம் வேறொன்று. கேட்டவர்கள்தான் அதை வேறாக வளர்த்தார்கள்.

சிற்றலை என்பது விசித்திரமான சரக்கு. மத்திய அலை பெரும்பாலும் ஒரு வட்டாரத்துக்குள் நின்று விடும். சிற்றலை மேலே போய், வானத்தில் மின்னேற்றம் பெற்ற அடுக்கில் மோதித் திரும்பி, ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து இறங்கும். இடையில் எந்த எல்லைக் காவலனும் அதை நிறுத்த முடியாது. இரைச்சலைக் கிளப்பித் தடுக்கத்தான் முடியும். பகலுக்கு ஒரு அலைவரிசை, இரவுக்கு வேறு. கோடைக்கு ஒன்று, குளிருக்கு வேறு. நிலையத்து இன்ஜினீயருக்குத் தன் குரல் எங்கே எப்படி இறங்குகிறது என்று தானாகத் தெரியாது. யார் சொல்ல வேண்டும்? கேட்கிறவன்தான் சொல்ல வேண்டும். ஒலியின் பலம், குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் என்று ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போட்டு, தேதியும் மணியும் குறித்துத் தபாலில் அனுப்புவார்கள் நேயர்கள். பல நிலையங்கள் பதிலுக்கு அழகான அட்டை ஒன்று அனுப்பும். நம் ஊர்களில் டீக்கடையின் பின் சுவரிலும், வாசகசாலை பீரோவிலும் அந்த அட்டைகளை ஒட்டி வைத்தவர்கள் உண்டு. சம்பளமில்லாமல் வேலை செய்த பரிசோதகர்கள் அவர்கள். உலக ரேடியோவில் நேயரின் கடிதம் வெறும் புகழ்ச்சியோ புகாரோ அல்ல. உற்பத்தியில் ஒரு பகுதி அது.

1994-ல் ருவாண்டாவில் நடந்ததைப் பாருங்கள். தலைநகர் கிகாலியில் ஒரு தனியார் ரேடியோ, பக்கத்து வீட்டுக்காரனை வெட்டு என்று ஜனங்களைத் தூண்டிக் கொண்டிருந்தது. மூன்றே மாதங்களில் லட்சக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் அக்கம் பக்கத்து நாடுகளில் அகதி முகாம்களில் சிதறினார்கள். தாய் ஒரு முகாமில், பிள்ளை வேறு முகாமில். அப்போது பி.பி.சி. அவர்கள் மொழியில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. 'குடும்பங்களைச் சேர்த்து வைப்பது' என்ற பொருளில் அதற்குப் பெயர் 'கஹுசாமிரியாங்கோ'. இன்ன கிராமத்து இன்னாருடைய மகள் உயிரோடு இருக்கிறாள், இன்ன முகாமில் இருக்கிறாள், தகப்பனைத் தேடுகிறாள் என்று பெயர் பெயராகப் படித்தார்கள். அங்கே நேயரின் சேதியே நிகழ்ச்சி. அதற்கு மேல் ஒரு மந்திரியின் பேட்டியும் தேவைப்படவில்லை.

நம் மொழிக்கு வருவோம். இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணத்தில், 1990-களில், மின்சாரம் இல்லை. பாட்டரி கொண்டு போகத் தடை. குண்டு எங்கே விழுந்தது, பேச்சு வார்த்தை என்னாயிற்று என்று ஜனங்கள் தெரிந்து கொள்ள வேண்டாமா? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலை ஒருவர் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து கம்பியை இழுத்து ரேடியோவில் கோத்துக் கேட்டார்கள். சுற்றுகிற கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்து விடும். கை மாற்றிக் கை மாற்றிச் சுற்றி, இரவு வேளையில் பி.பி.சி. தமிழோசையைக் கேட்டார்கள். ஒரு நிகழ்ச்சிக்கு நேயர் தரக்கூடிய அபிப்பிராயத்தில் இதை விடப் பெரிது ஏதாவது உண்டா? எந்தக் கணக்கெடுப்பில் இதற்கு இடம் இருக்கிறது?

அதே தமிழோசையையும் சிங்கள ஒலிபரப்பையும் இலங்கை சர்க்கார் ரேடியோ தன் அலைவரிசையில் அஞ்சல் செய்து வந்தது. யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில் நிகழ்ச்சிகளை நடுவே வெட்டினார்கள். அதனால் 2009 பிப்ரவரியில் பி.பி.சி. அந்த ஏற்பாட்டை நிறுத்தி வைத்தது. மறுபடி சேர்ந்து, 2013 மார்ச்சில் மறுபடியும் வெட்டு விழவே, மறுபடியும் நிறுத்தினார்கள். வெட்டுகிறவனும் ஒரு விதத்தில் அபிப்பிராயம் சொல்லுகிறவன்தான். இந்தக் குரல் ஜனங்களிடம் போய்ச் சேருகிறது என்று அவன் கத்திரிக்கோல் சாட்சி சொல்கிறது. யுத்த காலத்தில் வெட்டையும் தாண்டிச் சிற்றலையில் வந்து கொண்டிருந்த அந்தக் குரல், 2017 ஏப்ரல் 30-ம் தேதியோடு சிற்றலையில் நின்று போயிற்று. 76 ஆண்டுகள். நிறுத்தியது கொழும்பு அல்ல, லண்டன். அதே ஆண்டில்தான் சர்க்கார் கொடுத்த கூடுதல் பணத்தில் தெலுங்கு, மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி உள்ளிட்ட பல மொழிகளில் புதிய சேவைகளை பி.பி.சி. துவங்கிற்று. அந்த மொழிக்காரர்களுக்குக் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் பணமில்லாததால் மூடினோம் என்ற பேச்சை மட்டும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

பணம் யாருடையது, சாவி யாருடையது என்பதைச் சற்று விவரமாகப் பார்க்க வேண்டும். 2014 ஏப்ரல் வரையில் உலக சேவைக்குப் பணம் பிரிட்டிஷ் வெளிநாட்டு இலாகாவின் மானியத்திலிருந்து வந்தது. செய்தியில் என்ன சொல்வது என்பது பி.பி.சி.யின் பொறுப்பு; ஆனால் எந்த மொழியைத் திறப்பது, எந்த மொழியை மூடுவது என்பதற்கு வெளிநாட்டு மந்திரியின் சம்மதம் வேண்டும். 2014-க்குப் பிறகு, பிரிட்டனில் டெலிவிஷன் வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் கட்டும் லைசென்ஸ் கட்டணத்திலிருந்து பணம் வருகிறது; மந்திரியின் சம்மதம் அப்போதும் ஒழியவில்லை. கெடுபிடி யுத்தம் நடந்த நாளெல்லாம் போலிஷ், செக், ஹங்கேரி, பல்கேரிய மொழிகளுக்குக் குறைவில்லாமல் பணம் வந்தது. அந்த நாடுகளில் ஆட்சி மாறி, லண்டனுக்கு வேண்டிய காரியம் முடிந்த பிறகு, 2005-ல் அவை உள்ளிட்ட 10 மொழிகளை மூடுவதாக அறிவித்து, அந்தப் பணத்தை அரபு டெலிவிஷனுக்குத் திருப்பினார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் தூற்றிக் கொள்ளுகிறார்கள். இதில் நேயர் கடிதம் எங்கே வருகிறது?

ஒரே ஒரு தடவை வந்தது. அந்தக் கதையைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்பினோம்.

2011 ஜனவரியில் பி.பி.சி. பெரிய வெட்டு ஒன்றை அறிவித்தது. ஐந்து மொழிச் சேவைகள் அடியோடு மூடல்; இன்னும் ஏழு மொழிகளில் ரேடியோ நிறுத்தம்; 650 பேர் வரை வேலை இழப்பு. வாரந்தோறும் 18 கோடிப் பேர் கேட்ட சேவை, இதனால் 3 கோடி நேயர்களை இழக்கும் என்று அவர்களே கணக்கும் சொன்னார்கள். ஹிந்தி சிற்றலையும் அந்த மார்ச்சோடு நின்று விடும் என்றார்கள்.

அன்று ஹிந்தி சிற்றலையைக் கேட்டவர்கள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். யார் அவர்கள்? பெரும் பகுதி பீகார், உத்தரப் பிரதேசம் முதலிய மாகாணங்களின் கிராமத்து ஜனங்கள். கரண்ட் இல்லாத ஊர்கள். வயல் வேலை முடிந்து வந்து, வேப்ப மரத்தடியில் ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்கிற வழக்கம். பரீட்சை எழுதி எப்படியாவது ஒரு குமாஸ்தா வேலைக்குப் போய்விட வேண்டும் என்று துடிக்கிற ஏழைப் பையன்களுக்கு அது வாத்தியார். அந்நாளில் இந்தியாவில் தனியார் ரேடியோவுக்குச் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை. சர்க்கார் ரேடியோ ஒன்றுதான் செய்தி சொல்லலாம். ஆகவே லண்டனிலிருந்து வந்த குரல், அவர்களுக்கு இன்னொரு பக்கத்தையும் சொல்லக்கூடிய ஒரே ரேடியோக் குரலாக இருந்தது.

அறிவிப்பு வந்ததும் எதிர்ப்புக் கிளம்பிற்று. கடிதங்கள் போயின. பிரபலஸ்தர்களும் கையெழுத்திட்டார்கள், மார்க் டல்லி, அருந்ததி ராய், விக்ரம் சேத் போன்றவர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பிரிட்டிஷ் பார்லிமெண்டில் வெளிநாட்டு விவகாரக் கமிட்டி விசாரித்து, வெட்டுக்களைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஏப்ரலில் அறிக்கை கொடுத்தது. மே மாதம் காமன்ஸ் சபையில் விவாதம் நடந்தது. ஜூனில் ஆண்டுக்கு 22 லட்சம் பவுன் கூடுதலாகத் தருகிறோம் என்று வெளிநாட்டு மந்திரி வில்லியம் ஹேக் இறங்கி வந்தார். அது பெரும்பாலும் அரபு சேவைக்கு. அரபு நாடுகளில் அப்போது ஜனங்கள் வீதிக்கு வந்திருந்த சமயம். ஹிந்திக்கு அதற்கு முன்பே, மார்ச்சில், ஒரு சலுகை கிடைத்திருந்தது: மாலையில் ஒரு மணி நேரம் மட்டும், ஓராண்டுத் தவணையில் தொடரும், அதற்குள் வெளியிலிருந்து பணம் கிடைக்கிறதா என்று பார்ப்போம் என்றார்கள்.

இது எதைக் காட்டுகிறது? தனித் தனிக் கடிதம் வாசிக்கப்படும். கூட்டாகக் கொடுத்த மகஜருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தொழிற்சங்கம் கட்டியவர்களுக்கு இது புதுப் பாடம் அல்ல. 2001-ல் வட அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியப் பக்கத்துக்கும் சிற்றலையை நிறுத்தியபோது, அங்குள்ள நேயர்களும் அமைப்புக் கட்டிப் போராடிப் பார்த்தார்கள், ஜெயிக்கவில்லை. ஆகவே சேர்ந்தால் நிச்சயம் வெற்றி என்றும் சொல்வதற்கில்லை. 2011-ல் பார்லிமெண்டில் ஆள் இருந்தது, பத்திரிகையில் இடம் இருந்தது, மேலே கையெழுத்துப் போடப் பெரிய பெயர்கள் இருந்தன. வேப்ப மரத்தடிப் பத்துப் பேர் மட்டும் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நமக்குச் சந்தேகம்தான்.

இப்போது எதிர்த் தரப்பின் வாதத்தையும் கேட்போம். ஒதுக்கித் தள்ளக் கூடியதல்ல அது. காலம் மாறி விட்டது என்கிறார்கள். சிற்றலை கேட்பவர் தொகை ஆண்டுக்கு ஆண்டு சரிகிறது. எல்லாரும் கையில் டெலிபோனில் பார்க்கிறார்கள். பெரிய டிரான்ஸ்மிட்டருக்கு எண்ணெய் ஊற்றி யாருக்காக நடத்துவது என்கிறார்கள். பிரிட்டனில் லைசென்ஸ் கட்டணம் கட்டுகிறவர்களில் நம்மைப் போன்ற தொழிலாளிக் குடும்பங்களும் உண்டு. பீகார்க்காரன் கேட்க நான் ஏன் கட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்டால் அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. உண்மை. தொகை சரிந்தது உண்மை. நம் வீட்டுப் பிள்ளைகளே ரேடியோவைத் தொடுவதில்லை.

ஆனால் ஒன்று. ரேடியோ வாங்கினவனுக்கு அதற்கு மேல் மாதச் செலவு பாட்டரி ஒன்றுதான். டெலிபோனுக்கு மாதாமாதம் ரீசார்ஜ். ரேடியோவில் யார் எதைக் கேட்டான் என்று எவருக்கும் தெரியாது. டெலிபோனில் எல்லாம் தெரியும். அதையெல்லாம் விடப் பெரிய விஷயம்: டெலிபோனை ஒரு உத்தரவில் நிறுத்தி விடலாம்.

நிறுத்தியும் காட்டினார்கள். 2019 ஆகஸ்ட் 5-ல் காஷ்மீரில் டெலிபோனும் இண்டர்நெட்டும் துண்டிக்கப்பட்டன. அப்போது பி.பி.சி. என்ன செய்தது தெரியுமா? சிற்றலையில் ஹிந்தி நிகழ்ச்சியை அரை மணி நேரம் நீட்டியது. உருதுவில் தினம் கால் மணி நேரப் புது நிகழ்ச்சி ஒன்றையும் ஆரம்பித்தது. காஷ்மீர் ஜனங்களுக்கு வேறு வழி இல்லை, சிற்றலைதான் வழி என்று அவர்களே அறிவித்தார்கள். சரியான காரியம். ஆறு மாதம் ஆகவில்லை. 2020 ஜனவரி 31-ல் ஹிந்தி சிற்றலையை மூடி விட்டார்கள்! அன்று காஷ்மீரில் இண்டர்நெட் அப்போதுதான் குற்றுயிராக நத்தை வேகத்தில் திரும்பியிருந்தது. முழு வேகம் திரும்ப 2021 பிப்ரவரி வரை ஆயிற்று. ஆகஸ்டில் உயிர்க் குரலாக இருந்தது ஜனவரியில் பழைய இரும்பாகி விட்டது. எந்த நேயர் கடிதத்தைப் படித்து இந்த முடிவுக்கு வந்தார்கள்?

பி.பி.சி.யை மட்டும் சொல்லுவது நியாயமாகாது. மாஸ்கோ ரேடியோவில் 'மாஸ்கோ தபால் பை' என்று ஆங்கிலத்தில் ஒரு நிகழ்ச்சி 1950-களிலிருந்து பல பத்தாண்டுகள் நடந்தது. ஜோ அடமோவ் என்பவர் அமெரிக்கர்களின் கேள்விகளுக்கு வேடிக்கையாகப் பதில் சொல்வார். கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. ஆளுகிறவர்களைக் குத்தும் கேள்விக்கு எல்லாம் நேரான பதில் கிடைத்ததா என்றால், ஒளிவு மறைவில்லாமல் சொல்வதானால், கிடைக்கவில்லை. அந்த ரேடியோ 1993-ல் பெயர் மாறி, 2014-ல் சிற்றலையை விட்டபோதும் நேயரை யாரும் கேட்கவில்லை. பீகிங் ரேடியோ 1963 ஆகஸ்ட் 1-ல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சின்னச் சின்ன ஊர்களில் கூட அதற்கு நேயர் மன்றங்கள் ஏற்பட்டன, கடிதங்கள் மூட்டையாகப் போயின. ஆஸ்திரேலிய ரேடியோ 2017 ஜனவரி 31-ல் சிற்றலையை நிறுத்தியபோது, பசிபிக் தீவுகளில் இருந்தவர்களும், வட ஆஸ்திரேலியாவில் கால்நடைப் பண்ணைகளில் இருந்தவர்களும், மீன் பிடிக்கப் போகிறவர்களும், புயல் எச்சரிக்கைக்கு நாங்கள் எங்கே போவது என்று கேட்டார்கள். ஆண்டுக்கு 19 லட்சம் டாலர் மிச்சம் என்று பதில் வந்தது. பிறகு அந்த அலைவரிசைகள் சிலவற்றில் சீன ரேடியோ பேசத் தொடங்கியது. ஆகாயத்தில் காலி மனை வெகுநாள் காலியாகக் கிடப்பதில்லை. 2025 மார்ச்சில் வாஷிங்டனில் ஒரே உத்தரவில் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா'வின் 1,300-க்கும் அதிகமான ஊழியர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கடிதப் பெட்டியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. வேலை செய்கிறவனையே கேட்கவில்லை, கேட்கிறவனை எங்கே கேட்பது!

நாம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மொழியின் ரேடியோவை மூடப் போகிறோம் என்றால், ஆறு மாதம் முன்னதாக அந்த மொழியில், அந்த ரேடியோவிலேயே, அந்த நேயர்களுக்குச் சொல்லட்டும். யார் கேட்கிறார்கள் என்ற கணக்கை வெளியிடட்டும். டெலிபோனில் கருத்துக் கேட்டு, ரேடியோ வைத்திருப்பவனைப் பற்றி முடிவு கட்டும் வேலை வேண்டாம். டெலிபோன் இல்லாதவன் டெலிபோனில் எப்படிப் பதில் சொல்லுவான்? கிராமத்துக்கு ஆள் அனுப்பட்டும். 1942-ல் யுத்தத்துக்கு நடுவில் பிராண்டரை அனுப்ப முடிந்தது அல்லவா? வந்த மகஜர்களுக்குத் தயாரிப்பாளர் அல்ல, பணப்பெட்டிச் சாவியை வைத்திருக்கிறவர் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லட்டும். நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. வாசகசாலையிலும் சங்க ஆபீசிலும் சேர்ந்து கேட்டு, சேர்ந்து எழுதுகிற பழக்கம் விட்டுப் போயிற்று. உச்சரிப்புத் தவறுக்கு எழுதுகிறோம். வெட்டு வரும்போது சும்மா இருந்து விடுகிறோம். தமிழோசை நின்றபோது நம்மில் எத்தனை பேர் ஒரு கார்டு எழுதினோம்?

2022 செப்டம்பரில் பி.பி.சி. இன்னொரு வெட்டை அறிவித்தது. 382 பேருக்கு வேலை போகும். அரபு, பாரசீகம், ஹிந்தி, வங்காளி, உருது, தமிழ் உள்ளிட்ட 10 மொழிகளில் ரேடியோ நிற்கும். 1938-ல் மன்னரைக் கலங்க வைத்த அந்த அரபு ரேடியோ, 85 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 ஜனவரி 27-ல் கடைசியாகப் பேசி முடித்தது. ஏப்ரல் 15-ல் சூடானில் யுத்தம் மூண்டது. மின்சாரமும் இண்டர்நெட்டும் அறுந்து, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு எந்தச் சாலை பத்திரம் என்று தெரியாமல் நின்றார்கள். மே மாதம், சூடானுக்கென்று தினம் இரண்டு வேளை, சிற்றலையில், அரபு மொழியில், அவசர ஒலிபரப்பு ஒன்றை பி.பி.சி. ஆரம்பித்தது, தவணை மூன்று மாதம். நவம்பரில் காஸாவுக்கென்று மத்திய அலையில் இன்னொன்று ஆரம்பித்தது.